அசோரஸ்: வானிலை வகுக்கும் பயணத் திட்டம்

ஃபுர்னாஸ் ஏரிக்கரையில் நண்பகலுக்குச் சற்று முன்பு சிறிய வேன்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. கரையோர மண்ணில் வரிசையாகக் குவியல்கள். ஒவ்வொரு குவியலிலும் ஓர் உணவகத்தின் பெயர்ப் பலகை செருகப்பட்டிருக்கிறது. இருவர் மண்ணை வெட்டி விலக்கி, மூடியைத் திறந்து, நீண்ட கொக்கிகளை மாட்டிக் குழிக்குள்ளிருந்து கனத்த பானையைத் தூக்குகிறார்கள். ஆவி முகத்தில் அடிக்கிறது. கந்தக நெடிக்கு ஊடே வெந்த கறியின் மணம் எழுகிறது. அதிகாலையில் இறக்கிய பானை அது. மாட்டிறைச்சி, பன்றி, கோழி, முட்டைகோஸ், கேரட், உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு எல்லாம் அடுக்கி மூடிய பிறகு யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் பூமியின் சூடே சமைத்து முடித்திருக்கிறது. ‘கொசீடோ’ என்ற அந்த உணவைத் தருவது இன்னும் அடங்காத ஓர் எரிமலை. 1630-இல் அது கடைசியாக வெடித்தபோது ஏறக்குறைய 200 பேர் இறந்தனர்.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுக்கூட்டம், அட்லாண்டிக்கின் நடுவே, லிஸ்பனிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. 2015-இல் சாவ் மிகேல், தெர்செய்ரா தீவுகளின் வான்வழி மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டு, மலிவுக் கட்டண விமானங்கள் வரத் தொடங்கின. ஐரோப்பியருக்கே எட்டாத தொலைவாக இருந்த தீவுகள் அதன் பிறகு உலகப் பயணிகளின் பட்டியலில் ஏறிவிட்டன. ஆனால் வரைபடத்தில் ஒன்பது புள்ளிகளைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் ஒன்பதையும் சுற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் விமான நிலையங்களில் காத்திருந்தே நாள்களை இழக்கிறார்கள். இங்கே திட்டம் என்பது எதையெல்லாம் விட்டுவிடுவது என்பதில்தான் தொடங்குகிறது.

மூன்று தட்டுகளின் சந்திப்பு

வட அமெரிக்கா, யூரேசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று புவித்தட்டுகளும் சந்திக்கும் இடத்தில் கடலடியிலிருந்து எழுந்தவை இத்தீவுகள். மேற்கோரத்தில் உள்ள ஃப்ளோரஸும் கொர்வோவும் வட அமெரிக்கத் தட்டின் மேல் நிற்கின்றன. மற்ற ஏழும் நடு அட்லாண்டிக் முகட்டுக்குக் கிழக்கே உள்ளன. ஆகவே ஃபயாலிலிருந்து ஃப்ளோரஸுக்குப் பறப்பவர், நாடு மாறாமலேயே ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போகிறார். இரு பக்கங்களும் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் விலகிக்கொண்டே இருக்கின்றன.

போர்த்துக்கீசியர் 15-ஆம் நூற்றாண்டில் குடியேறும்வரை இங்கே நிலையாக மனிதர் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை. இன்று மேய்ச்சல் நிலங்கள்தான் கண்ணில் படும் இடமெல்லாம். மனிதரைவிட மாடுகள் அதிகம். 1976 முதல் தீவுகள் தன்னாட்சிப் பிரதேசமாக இயங்குகின்றன.

[பெட்டி] ஒரு பார்வையில்

கிழக்குக் குழு: சாவ் மிகேல், சாண்டா மரியா
நடுக் குழு: தெர்செய்ரா, கிரசியோசா, சாவ் ஜோர்ஜ், பீகோ, ஃபயால்
மேற்குக் குழு: ஃப்ளோரஸ், கொர்வோ
ஒரு முனையிலிருந்து மறுமுனை: சுமார் 600 கி.மீ.
மக்கள்தொகை (2021): சுமார் 2,36,000, பாதிக்கு மேற்பட்டோர் சாவ் மிகேலில்
மிகச் சிறியது: கொர்வோ, 17 சதுர கி.மீ., 400-க்கும் குறைவான மக்கள், ஒரே ஊர்
உச்சி: பீகோ மலை, 2,351 மீட்டர், போர்ச்சுகலிலேயே உயரமானது
நாணயம்: யூரோ
நேரம்: கோடையில் இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி, குளிர்காலத்தில் ஆறரை மணி பின்தங்கியது

எத்தனை தீவு, எத்தனை நாள்?

ஒரு வாரம் மட்டுமே கையில் இருந்தால் சாவ் மிகேல் ஒன்றே போதும். 60 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இத்தீவில் மூன்று பெரிய எரிமலைகள் இருக்கின்றன. மூன்றின் வாய்களிலும் இன்று ஏரிகள். மேற்கே செட்டே சிடாடெஸில் ஒரு பாலத்தின் இருபுறமும் ஒன்று நீலமாகவும் மற்றொன்று பச்சையாகவும் தெரியும் இரட்டை ஏரி. நடுவே, கரையில் ஒரு வீடுகூட இல்லாத லகோவா தொ ஃபோகோ. கிழக்கே ஃபுர்னாஸ், அங்கே ஊருக்கு நடுவிலேயே கொதிநீர் குமிழியிடுகிறது. டெர்ரா நோஸ்ட்ரா பூங்காவின் பெரிய குளத்தில் இரும்புச் சத்தால் பழுப்பேறிய வெந்நீர் நிரம்பியிருக்கிறது. அதில் இறங்குபவர்கள் வெளிர்நிற நீச்சலுடையைத் தவிர்ப்பது நல்லது, கறை போகாது.

வடகரையில் கொர்ரியானா தேயிலைத் தோட்டம் 1883 முதல் இயங்கி வருகிறது. ஐரோப்பாவில் இன்றுவரை தொடர்ந்து நடக்கும் மிகப் பழைய தேயிலைத் தோட்டம் இதுதான். நீலகிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதராக வெட்டிவிட்ட தேயிலைச் சரிவு புதிதல்ல. அந்தச் சரிவு நேராக அட்லாண்டிக் கடலில் போய் முடிவதுதான் புதிது. 19-ஆம் நூற்றாண்டில் சாவ் மிகேலின் செல்வமெல்லாம் பிரிட்டனுக்கு ஏற்றுமதியான ஆரஞ்சுப் பழத்தில் இருந்தது. நோய் தாக்கித் தோப்புகள் அழிந்ததும் தீவு வேறு பயிர்களைத் தேடியது. தேயிலை கற்பிக்க 1878-இல் மக்காவிலிருந்து இரண்டு சீனர்களை வரவழைத்தார்கள். கண்ணாடிக் கூடங்களில் வளரும் அன்னாசியும் அந்தத் தேடலில் வந்ததுதான். ஒரே சமயத்தில் பூக்கவைக்கக் கூடத்துக்குள் புகை போடுகிறார்கள். ஒரு பழம் விளைய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கிறது.

பத்து நாள் கிடைத்தால் நடுக் குழுவில் ‘முக்கோணம்’ எனப்படும் ஃபயால், பீகோ, சாவ் ஜோர்ஜ் மூன்றையும் சேர்க்கலாம். ஃபயாலின் ஓர்ட்டா துறையிலிருந்து பீகோவின் மடலேனாவுக்குப் பயணிகள் படகு அரை மணி நேரத்தில் போய்விடும். ஆண்டு முழுவதும் ஓடுகிறது. குழுவிட்டுக் குழு போக விமானம்தான் நடைமுறை வழி. தீவுகளுக்குள் பறப்பது சட்டா நிறுவனத்தின் சிறிய விசிறி விமானங்கள். கொர்வோவுக்குப் போகும் விமானத்தில் 37 இருக்கைகளே உண்டு. கோடைக் காலத்தில் அவை மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன.

ஃப்ளோரஸ், கொர்வோ இரண்டும் பொறுமையுள்ளவர்களுக்கு. செங்குத்துப் பாறைகளில் பல அருவிகள் பக்கம் பக்கமாக வீழும் ஃப்ளோரஸ்தான் ஒன்பதிலும் மிக ஈரமானது. மேகம் இறங்கிவிட்டால் விமானம் வராது. அங்கே இரண்டு இரவு மட்டும் ஒதுக்கிவிட்டு மூன்றாம் நாள் ஐரோப்பாவுக்கு இணைப்பு விமானம் வைத்திருப்பது கைப்பொருளைக் காற்றில் விடுவதற்குச் சமம். வெயிலும் வெளிர் மணலும் வேண்டும் என்பவர்களுக்குச் சாண்டா மரியா. ஒன்பதில் மூத்ததும் மழை குறைந்ததும் அதுவே.

மேகத்துக்கு ஏற்ற திட்டம்

ஐரோப்பிய வானிலைச் செய்திகளில் ‘அசோரஸ் உயரழுத்தம்’ என்ற சொல் அடிக்கடி வரும். கோடையில் அது தீவுகளின் மேல் நிலைகொள்ளும்போது கடல் அடங்கி வானம் தெளிகிறது. குளிர்காலத்தில் அது விலகியதும் அட்லாண்டிக் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. குளிர்காலத்தில் 11 முதல் 17 டிகிரி, கோடையில் 18 முதல் 26 டிகிரி செல்சியஸ். மாறிக்கொண்டே இருப்பது மேகம்தான்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது மேகமாகிறது. அதனால்தான் கடற்கரையில் வெயில் காயும் அதே நேரத்தில் 600, 700 மீட்டர் உயரத்துக் காட்சிமுனையில் கைநீட்டும் தூரம்கூடத் தெரியாமல் போகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பயணம் இலகுவாகிவிடும். ‘திங்கள் செட்டே சிடாடெஸ், செவ்வாய் ஃபுர்னாஸ்’ என்று கிழமை போட்டுத் திட்டமிடுவதை விட, மலை தெளிந்தால் செய்ய வேண்டியவை, மூடினால் செய்ய வேண்டியவை என்று இரண்டு பட்டியல் வைத்துக்கொள்வதே பலன் தரும். வெந்நீர்க் குளங்கள், தேயிலை ஆலை, அருங்காட்சியகம், கடலோர இயற்கைக் குளங்கள் எல்லாம் மழையிலும் கெடாதவை. முக்கியக் காட்சிமுனைகளில் நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன. காலையில் கைபேசியில் அவற்றைப் பார்த்துவிட்டுக் காரை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வது உள்ளூர்க்காரர்களுக்கும் வழக்கம்தான்.

வாடகைக் கார் இல்லாமல் இது முடியாது. பேருந்துகள் ஊர்க்காரர்களின் வேலை நேரத்துக்கு ஓடுபவை. காட்சிமுனைகளுக்கு அவை போவதில்லை. காரை விமானச்சீட்டு உறுதியான அன்றே பதிவு செய்துவிட வேண்டும். சிறிய தீவுகளில் இருக்கும் கார்களே சொற்பம்.

[பெட்டி] எந்த மாதம் எதற்கு?

ஏப்ரல், மே: நீலத் திமிங்கிலம் போன்ற பெரிய திமிங்கிலங்கள் வடக்கே போகும் வழியில் தென்படும். கூட்டம் குறைவு.
ஜூன், ஜூலை: சாலையோரமெங்கும் ஹைட்ரேஞ்சியா பூக்கும். ஃபயாலுக்கு ‘நீலத் தீவு’ என்ற பெயர் இதனால்தான். செடியின் பூர்வீகம் கிழக்காசியா.
ஆகஸ்ட், செப்டம்பர்: கடல்நீர் 22 டிகிரியைத் தொடும். விலையும் கூட்டமும் உச்சத்தில் இருப்பது ஆகஸ்டில்.
செப்டம்பர், அக்டோபர்: சூறாவளிகளின் மிச்சம் வந்து தாக்கக்கூடும். 2019 அக்டோபரில் லொரென்சோ சூறாவளி ஃப்ளோரஸின் முதன்மைத் துறைமுகத்தையே நொறுக்கியது.
நவம்பர் முதல் மார்ச் வரை: மழை அதிகம், விலை குறைவு. விமானங்கள் ரத்தாகும் வாய்ப்பும் அதிகம்.

எரிமலை ஊரைப் பெயர்த்த கதை

ஃபயாலின் மேற்கு முனையில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் கீழ்த்தளம் சாம்பலில் புதைந்து கிடக்கிறது. முன்பு அதன் காலடியில் கடல் இருந்தது. இப்போது அதற்கு அப்பால் புல்லும் அரிதான சாம்பல் நிற மேடு நீண்டு கிடக்கிறது.

1957 செப்டம்பர் 27 அன்று, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் கடல் கொதித்தது. கபெலின்யோஸ் எரிமலை 13 மாதங்கள் உமிழ்ந்தது. 1958 அக்டோபரில்தான் ஓய்ந்தது. தீவோடு ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டர் புது நிலம் ஒட்டிக்கொண்டது. (கடல் அலைகள் அதில் பெரும் பகுதியை அரித்துத் தின்றுவிட்டன.) எரிமலையால் உயிரிழப்பு இல்லை. ஆனால் சாம்பல் வயல்களை மூடியது. 1958 மே மாத நிலநடுக்கங்கள் வீடுகளைச் சாய்த்தன. நிலத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்குப் போக்கிடம் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஆண்டே அசோரஸ் அகதிகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதை முன்னெடுத்த செனட்டர்கள் ஜான் பஸ்டோரும், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் எஃப். கென்னடியும். முதலில் 1,500 விசாக்கள். பிறகு அது விரிந்தது. அந்த வழியில் தொடங்கிய குடிபெயர்வு அடுத்த இருபது ஆண்டுகளில் தீவுகளின் மக்கள்தொகையை வெகுவாகக் குறைத்தது. மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு நகரங்களில் இன்றும் அசோரஸ் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பாஸ்டனிலிருந்து நேரடி விமானம் ஓடுவதற்குக் காரணமும் அந்த உறவே. ஒரு பயணி ஆகஸ்டில் இருக்கை கிடைக்காமல் தவிப்பதற்கும் இதுவே காரணம். விழாக் காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கு வருகிறார்கள்.

1980 ஜனவரி முதல் நாள் பிற்பகல் தெர்செய்ராவை உலுக்கிய நிலநடுக்கம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அங்ரா தொ எரோயிஸ்மோ நகரின் பெரும் பகுதி இடிந்தது. மக்கள் அதைப் பழைய தெருவமைப்பிலேயே, பழைய முகப்புகளோடு கட்டியெழுப்பினார்கள். 1983-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்த நகரத்தைத்தான். 2022 மார்ச்சில் சாவ் ஜோர்ஜில் ஆயிரக்கணக்கான சிறு அதிர்வுகள் தொடர்ந்து பதிவாகி, வேலாஸ் நகரத்தார் பலர் தீவின் மறுமுனைக்கும் பிற தீவுகளுக்கும் போனார்கள். எரிமலை வெடிக்கவில்லை. அசோரஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கண்காணிப்பு மையம் ஒவ்வொரு தீவுக்கும் எச்சரிக்கை நிலையை அறிவிக்கிறது. புறப்படும் முன் அதைப் பார்ப்பது வானிலை பார்ப்பது போலவே அவசியம். கிரசியோசாவில் எரிமலைக்குள் இறங்கும் ஃபுர்னா தொ என்ஷோஃப்ரே குகையில் கரியமில வாயு அளவு கூடினால் நுழைவு நிறுத்தப்படும். அதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது. அந்த வாயு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் கொல்வது.

இந்தியாவிலிருந்து திரும்பிய கப்பல்கள்

அங்ரா துறைக்கும் இந்தியக் கடலோரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாய்மரக் கப்பல்கள் காற்றோட்டத்தின்படி ஆப்பிரிக்கக் கரையை விட்டு விலகி, அட்லாண்டிக்கில் பெரிய வளைவெடுத்துத்தான் லிஸ்பன் திரும்ப முடிந்தது. அந்த வளைவில் நிற்க இருந்த இடம் அசோரஸ். கள்ளிக்கோட்டையிலிருந்து 1499-இல் திரும்பிக்கொண்டிருந்த வாஸ்கோ டகாமா, நோயுற்ற தன் அண்ணன் பாவ்லோவுடன் தெர்செய்ராவில் இறங்கினார். பாவ்லோ அங்கேயே இறந்தார். அங்ராவின் பிரான்சிஸ்கன் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகு நூற்றாண்டுக்கு மேல் மிளகுக் கப்பல்கள் பாதுகாப்பும் குடிநீரும் தேடி இங்கே வந்தன. 1592-இல் இந்தியாவிலிருந்து மிளகும் கிராம்பும் ஏற்றிவந்த ‘மாத்ரே தெ தேவுஸ்’ கப்பலை ஆங்கிலேயர் ஃப்ளோரஸ் அருகே மடக்கிப் பிடித்தனர். பயணிகள் பலர் அங்ராவை அரை நாளில் கடந்துவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து வருபவர் இரண்டு இரவாவது தங்க வேண்டிய ஊர் இது.

வேட்டைக்காரர்களின் கோபுரம்

பீகோவின் தென்கரையில் கடலைப் பார்த்த சிறு காவற்கூடுகள் உண்டு. முன்பு அங்கே ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சுப் பீச்சலைத் தேடுவார். கண்டதும் வாணம் விடுவார். வயலில் இருப்பவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படகுக்கு ஓடுவார். திறந்த படகு, கையால் எறியும் ஈட்டி. கடைசிவரை அப்படித்தான் வேட்டை நடந்தது. 1980-களில் தடை வந்தது. கடைசித் திமிங்கிலம் 1987-இல் பிடிபட்டது. இன்றும் காவற்கூட்டில் ஆள் இருக்கிறார். வானொலியில் சுற்றுலாப் படகுக்கு வழி சொல்கிறார். எண்ணெய்த் திமிங்கிலம் ஆண்டு முழுவதும் இருக்கும் கடல் இது. இருபதுக்கும் மேற்பட்ட திமிங்கில, ஓங்கில் இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. எவ்வளவு நெருங்கலாம், ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை படகுகள் நிற்கலாம் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. படகுப் பயணத்தைத் தங்கும் காலத்தின் முதல் நாளுக்கே பதிவு செய்வது நல்லது. கடல் கொந்தளித்து ரத்தானால் மாற்று நாள் கிடைக்கும்.

தீவு தாங்கும் அளவு

அசோரஸ் 2019-இல் எர்த்செக் அமைப்பின் நிலைத்த சுற்றுலாச் சான்றிதழைப் பெற்றது. தீவுக்கூட்டம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. அதன் பொருள் நடைமுறையில் வரம்புகள். பீகோ உச்சிக்கு ஏறுபவர் சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள மலை இல்லத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் உண்டு, ஒரே நேரத்தில் மலையில் இருப்போர் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, இருப்பிடம் காட்டும் கருவியும் தருகிறார்கள். ஏறி இறங்க ஏழு, எட்டு மணி நேரம். உடைந்த எரிமலைப் பாறையில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். சாவ் மிகேலின் வெந்நீர்க் குளங்கள் பலவற்றில் நேரம் குறித்த சீட்டு. வில ஃப்ராங்கா தீவுத்திட்டுக்குத் தினசரி வருகையாளர் எல்லை.

இவை இடைஞ்சலாகத் தோன்றலாம். ஆனால் ஏரிகளின் நிலை என்ன என்பதைப் பார்த்தால் தேவை புரியும். எரிமலைவாயின் சரிவுகளில் மேயும் மாடுகளின் சாணமும் உரமும் மழையில் கரைந்து வந்ததால் ஃபுர்னாஸ், செட்டே சிடாடெஸ் ஏரிகளில் பாசி மண்டியது. அரசு கரையோர மேய்ச்சல் நிலங்களை விலைக்கு வாங்கிக் காடாக மாற்றத் தொடங்கியது. சாவ் மிகேலின் கிழக்குக் காடுகளில் மட்டுமே வாழும் ப்ரியோலோ என்ற சிறு பறவை, அழிவின் விளிம்பிலிருந்து திரும்பியது அயல் செடிகளை அகற்றிச் சொந்த மரங்களை நட்டதால்தான். குடியிருப்பு வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாறி, உள்ளூர் இளைஞர்களுக்கு வாடகை எட்டாமல் போவது இன்னும் தீராத பிரச்சினை. கூட்டமில்லாத மாதத்தில், ஒரே தீவில் அதிக நாள் தங்கி, ஊர்க் கடையில் சாவ் ஜோர்ஜ் பாலாடைக் கட்டியும் ஃபுர்னாஸ் ரொட்டியும் வாங்கி உண்ணும் பயணி, தீவுக்குச் சுமையாக இருப்பதில்லை. சைவ உணவுக்காரர்களுக்கு அந்த இரண்டுமே கைகொடுக்கும். கடலுணவும் கறியும்தான் உணவகங்களில் பிரதானம் என்பதால் சமையலறை உள்ள தங்குமிடம் பார்ப்பது நலம்.

[பெட்டி] இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு

தீவுகள் ஷெங்கன் பகுதிக்குள் அடங்கும். தனி விசா இல்லை. குறுகிய கால ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம்.
விண்ணப்பம்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து தரலாம், குறைந்தது 15 நாள் முன்பு தர வேண்டும். கோடைக்கு முன் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம்.
கட்டணம்: பெரியவர்களுக்கு 90 யூரோ (2024 ஜூன் முதல்). சேவை மையக் கட்டணம் தனி.
மருத்துவக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோவுக்கு.

பதிவு செய்யும் வரிசை விசாவில் தொடங்குகிறது. அடுத்து லிஸ்பன் வழியாகப் போகும் நீண்டதூர விமானம். பிறகு தீவுகளுக்கிடையிலான விமானம், கார், தங்குமிடம். மலையேற்றத்துக்கும் திமிங்கிலப் படகுக்கும் கடைசி இடம். லிஸ்பனிலிருந்து தீவுக்குப் பறப்பதும் லிஸ்பனிலிருந்து இந்தியா திரும்புவதும் வெவ்வேறு சீட்டுகளாக இருந்தால், மேகத்தால் முதல் விமானம் தவறும்போது இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே திரும்பும்போது லிஸ்பனில் ஓர் இரவேனும் இடைவெளி வேண்டும். ஃப்ளோரஸ் அல்லது கொர்வோ திட்டத்தில் இருந்தால் அவற்றைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்து, சாவ் மிகேலைக் கடைசியில் வைப்பது பாதுகாப்பு. லிஸ்பனுக்கு அன்றாடம் அதிக விமானங்கள் புறப்படுவது அங்கிருந்துதான்.